மாடிப்படியில் மூன்று ராஜாக்கள்

கூடத்தின் கதவு திறந்ததும் நிர்மலாதேவி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மீன் மார்க்கெட்டில் கழுவிவிடாத தரைமேல் நண்பகல் வெயில் விழுந்தால் ஒரு நாற்றம் கிளம்புமே, அதுதான். மாதா சுரூபமும், மடித்து வைத்த ஸ்டீல் நாற்காலிகளும், கூரையில் தொங்கும் காகித நட்சத்திரங்களும் இருக்கிற ஒரு கோயில் கூடத்தில் அந்த நாற்றம் இருக்கக் கூடாது. இருந்தது.

"மேடம், நீங்க சைவம். வெளியிலயே நில்லுங்க. நான் உள்ள போய் மோந்து பாத்துட்டு ரிப்போர்ட் குடுக்கறேன்" என்றான் அம்மாவாசை.

"வாயை மூடிக்கிட்டு வா."

"வாயை மூடினா மூக்காலதான மேடம் மூச்சு விடணும்? பிரச்சினையே அங்கதான் இருக்கு."

புதுச்சேரியின் கதிர்காமத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது நிர்மலாதேவியின் துப்பறியும் அலுவலகம். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே வரமாட்டார். அம்மாவாசைக்கு முப்பத்து மூன்று. ஸ்கூட்டர் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, கேட்காமலே பேசுவது என்று அலுவலகத்தின் எல்லா வேலைகளும் அவனுடையவை.

கூடத்தின் நடுவே மேசைமேல் நின்றது அந்தப் பொம்மை வீடு. நாலடி அகலம், ஆறு அறைகள், முன்சுவர் இல்லாமல் திறந்த வீடு. செசில் மதாமின் குடும்பச் சொத்து. வருஷாவருஷம் டிசம்பரில் அதற்குக் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்து இங்கே வைப்பார்கள். விரல் உயர மரம், அதில் கடுகு அளவு பந்துகள். ஒவ்வொரு கதவிலும் ஐந்து பைசா அகலத்துக்குப் பச்சை வளையம். சாப்பாட்டு மேசையில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கேக். ஏழு வருஷமாக இதைப் பார்க்கவே ஊரெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

இன்று அதன்மேல் மீன் குடல் கிடந்தது. மரத்தின் கிளைகளில் சுற்றியிருந்தது. கட்டிலில் ஒழுகி உறைந்திருந்தது. வெள்ளை மேசை விரிப்பில் கறுத்த ரத்தம், அதன்மேல் ஈக்கள். அந்தச் சின்ன வீட்டில் ஈக்கள் காக்கைகள் போலத் தெரிந்தன.

நிர்மலாதேவி கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திறந்தார்.

விஷயம் இதுதான். நேற்று, பதினேழாம் தேதி, மாலை நான்கு மணி வரை இங்கே உட்கார்ந்து கடைசி வேலைகளை முடித்துவிட்டுப் போனவள் துர்கா. மூலக்குளத்தில் இருப்பவள், செசில் மதாமுக்கு உதவிக்கு வருகிறவள். இன்று காலை ஏழு மணிக்குக் கூடத்தைத் திறந்தபோது வீடு இப்படிக் கிடந்தது. கடைசியாக இருந்தவள் அவள், அதிலும் இந்துப் பெண், முந்தின நாள் மதாமிடம் திட்டு வாங்கினவள். கிறிஸ்துமஸ் வீட்டை வேண்டுமென்றே அசிங்கப்படுத்திவிட்டாள் என்று மாலை ஐந்து மணிக்குப் போலீசில் புகார் கொடுக்கப்போவதாக மதாம் சொல்லிவிட்டார்.

உழவர்கரையில் பள்ளி நடத்தும் ஹேமலதாதான் நிர்மலாதேவியைக் கூப்பிட்டிருந்தார். "துர்காவை எங்க ஸ்கூலுக்குக் கைவேலை டீச்சரா எடுக்கறோம், நிர்மலா. இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஆர்டர்ல கையெழுத்துப் போடணும். முந்தாநாள் அந்த மதாமுக்கே போன் பண்ணி விசாரிச்சேன், நல்ல பொண்ணுன்னு சொன்னாங்க. இப்ப இப்படி. புகார் பதிவாயிட்டா நிர்வாகத்துல ஒத்துக்க மாட்டாங்க. என் கையில இல்ல."

மணி இப்போது இரண்டு பத்து.

துர்கா சுவரோரமாக நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. அழுது முடித்த முகம்.

"சாப்டியாம்மா?" என்று கேட்டார் நிர்மலாதேவி.

யாரும் அந்தக் கேள்வியைக் காலையிலிருந்து கேட்கவில்லை போல. துர்கா இல்லை என்று தலையாட்டினாள். நிர்மலாதேவி கைப்பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"மதாம் எதுக்குத் திட்டினாங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். திட்டவே இல்ல. ஏன் அப்படிச் சொல்றாங்கன்னு தெரியல."

அம்மாவாசை ஒரு குச்சியால் மேசை விரிப்பிலிருந்து செதில் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். எட்டணா அளவுக்கு இருந்தது. "கொடுவா மேடம், விலை ஜாஸ்தி. எங்க வீட்ல மாப்பிள்ளை விருந்துக்கே சங்கராதான். ஒருத்தர் மேல பழி போட கொடுவா வாங்கறவங்க, மத்த நாள்ல என்ன சாப்புடுவாங்களோ."

"மார்க்கெட்ல பொறுக்கினதா இருக்கலாம்."

"பொறுக்கினா பத்து மீனோடது கலந்து வரும். இது ஒரே மீன். வீட்ல வாங்கி, வீட்ல ஆஞ்சது."

"துர்கா, நேத்து உங்க வீட்ல என்ன சமையல்?"

"முருங்கைக்காய் சாம்பார் மேடம். வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கார். கார்த்திகை பொறந்ததுலேர்ந்து வீட்ல கவுச்சி நுழையல. பக்கத்து வீட்ல மீன் வறுத்தாக்கூட ஜன்னல சாத்திடுவேன்."

அம்மாவாசை நிர்மலாதேவியைப் பார்த்தான். "முடிஞ்சுது மேடம். விரதக்காரர் வீட்ல கொடுவாவா?"

"உனக்கும் எனக்கும் முடிஞ்சுது. போலீசுக்கு முடியல." நிர்மலாதேவி குனிந்து பொம்மை வீட்டின் கீழ் அறையைப் பார்த்தார். அங்கேதான் குடில் இருந்தது. வைக்கோல் கூரை, மாதா, சூசையப்பர், மாடு, கழுதை. கட்டைவிரல் அளவு இடம். வீடு முழுக்கக் குடல் கிடக்க, அந்த இடத்தில் மட்டும் ஒரு துளி இல்லை.

"இந்த அறைல கை வைக்கல" என்றார்.

"ஆனா குழந்தையக் காணோம் மேடம்" என்றாள் துர்கா. "அதையும் நான்தான் தூக்கி எறிஞ்சிட்டேன்னு சொல்றாங்க. நேத்து வெச்சிட்டுப் போட்டோ எடுத்தேன், பாருங்க."

செல்போனில் படம் இருந்தது. நேற்று மூன்று ஐம்பது. தொட்டியில் அரிசி அளவுக் குழந்தை இயேசு. இருபக்கமும் குழந்தையைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள். நிர்மலாதேவி படத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தொட்டி காலியாக இருந்தது. ராஜாக்களும் அங்கே இல்லை.

அம்மாவாசைதான் கண்டுபிடித்தான். "மேடம், மாடிப்படி."

பொம்மை வீட்டின் மாடிப்படியில், மேல்படியில் ஒருவர், அதற்கடுத்த படிகளில் ஒவ்வொருவராக, மூன்று ராஜாக்களும் இறங்கிவரும் பாவனையில் வரிசையாக நின்றார்கள். கறுப்பு ராஜா முன்னால். அந்தப் படிகளிலும் அழுக்கு இல்லை.

"இவங்க எங்க போறாங்க? நாத்தம் தாங்காம வெளிநடப்பா?"

நிர்மலாதேவி கோயில்பிள்ளை ஆந்தனியைக் கூப்பிட்டார். கூடத்தின் சாவி வைத்திருப்பவர், அறுபது வயதுக்காரர். வாசலுக்கு உள்ளே வர மறுத்து அங்கிருந்தே பேசினார்.

"ஆந்தனி ஐயா, உங்க வீட்டுக் குடில்ல இப்ப குழந்தை இருக்கா?"

"இன்னைக்குத் தேதி பதினெட்டு தானம்மா. இருபத்துநாலு ராத்திரிப் பூசை முடிஞ்சுதான் தொட்டில வைப்போம். அதுவரைக்கும் பீரோவுல வேட்டி நடுவுல பத்திரமா இருக்கும்."

"மூணு ராஜாக்கள்?"

"அவங்க வந்து சேர்றது ஜனவரி ஆறாம் தேதி. அதுக்கு முன்னாடி பக்கத்துல வைக்கக் கூடாது. இப்பல்லாம் யாரு பாக்கறா? எல்லாத்தையும் ஒண்ணா வெச்சு லைட்டு போட்டுடறாங்க. பழைய வீடுங்கள்லதான் இதெல்லாம்."

"துர்கா, உனக்கு இது தெரியுமா?"

"தெரியாது மேடம். காலண்டர்ல படம் பாத்தேன். அதுல எல்லாரும் சேந்துதான் இருந்தாங்க. அப்படியே வெச்சிட்டேன்."

நிர்மலாதேவி தலைப்பை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். நாற்றம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

"துர்கா வெச்சது தப்பு. யாரோ சரிபண்ணியிருக்காங்க. வீட்டை அசிங்கப்படுத்தத்தான் வந்தாங்க. வந்த எடத்துல, குழந்தை ஒரு வாரம் முன்னாடியே பொறந்துட்டதப் பாத்தாங்க. கை சும்மா இருக்கல. ராஜாக்களைத் திருப்பி அனுப்பிட்டு, குழந்தைய எடுத்து..." அவர் மேல்மாடிப் படுக்கையறையில் இருந்த தீப்பெட்டி அளவு அலமாரியை நகத்தால் திறந்தார்.

உள்ளே, கிழித்த டிஷ்யூ துணுக்கில் சுற்றி, குழந்தை இயேசு படுத்திருந்தார்.

அம்மாவாசை மெதுவாகச் சொன்னான்: "குப்பை கொட்ட வந்தவங்க கோலம் போட்டுட்டுப் போயிருக்காங்க."

"கூடத்துச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"மூணு சாவிம்மா" என்றார் ஆந்தனி. "எங்கிட்ட ஒண்ணு. அலங்காரக் குழுன்னு செசில் மதாம்கிட்ட ஒண்ணு. அலெக்சாந்த்ரா அம்மாகிட்ட ஒண்ணு."

"நீங்க மீன் சாப்புடுவீங்களா ஐயா?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி இந்தத் திருவருகைக் காலம் முழுக்க ஒருசந்திம்மா, ஒரு வேளைதான் சோறு. மீன் வாங்கவே இல்ல."

"அலெக்சாந்த்ரா அம்மா யாரு?"

"அலங்காரக் குழுல இருக்கறவங்க. அவங்களும் ஒரு பொம்மை வீடு வெப்பாங்க. ஆனா ஏழு வருஷமா எல்லாரும் செசில் மதாம் வீட்டைத்தான் பாக்க வர்றாங்க. அதுல அவங்களுக்குக் கொஞ்சம்..." ஆந்தனி வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விடுகிற அளவுக்கு நல்ல மனுஷர்.

"போட்டி, சாவி, வசதி. மூணும் இருக்கு" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினான் அம்மாவாசை.

அலெக்சாந்த்ராவின் புது வீடு வில்லியனூர் சாலைப் பக்கம். கதவைத் திறந்ததுமே விஷயம் தெரிந்தவர் போலப் பேசினார். "என்னைத்தான் சந்தேகப்படுவீங்கன்னு தெரியும். எனக்கு செசிலைப் பிடிக்காது. ஊருக்கே தெரியும். அதுக்காக மீன் குடலக் கையால அள்ளுவேனா? என் நகத்தப் பாருங்க."

நகங்கள் நீளமாக, சிவப்பில் வெள்ளிப் புள்ளிகளோடு இருந்தன. நிர்மலாதேவி அவற்றைப் பார்க்கவில்லை. வரவேற்பறையின் மூலையில் சீரியல் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்த குடிலைப் பார்த்தார். தொட்டியில் குழந்தை இருந்தது. ராஜாக்கள் தொட்டியை இடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார்கள்.

"குழந்தைய இருபத்துநாலு ராத்திரிதான் வைக்கணும்பாங்களே?"

"அதெல்லாம் எங்க அம்மா காலம். பாரிஸ்ல இருக்கிற பையன் வீடியோ கால்ல பாக்கணும்ல. நவம்பர் கடைசிலயே வெச்சாச்சு."

வெளியே வந்ததும் அம்மாவாசை ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "மேடம், இவங்களா இருந்தா ராஜாக்களை நகத்தியிருக்க மாட்டாங்க. செல்ஃபி எடுத்திருப்பாங்க."

"ஆமா."

"அப்ப மிச்சம் இருக்கிற சாவி..." அவன் நிறுத்தினான். "தன் வீட்டு மேலயே தானே ஏன் மேடம் கொட்டிக்கணும்?"

"அதைக் கேக்கத்தான் போறோம்." நிர்மலாதேவியின் முகம் கசந்திருந்தது. "மணி என்ன?"

"மூணு அம்பது."

செசில் மதாமின் வீடு கடற்கரைக்கு நான்கு தெரு தள்ளி, உயர்ந்த சுவரும் பச்சைக் கதவுமாக இருந்தது. தகப்பனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் படம் சுவரில் தொங்கியது. மதாமுக்கு அறுபதைத் தாண்டிய வயது, இஸ்திரி மடிப்பு கலையாத கவுன், கழுத்தில் மெல்லிய சிலுவை. இரண்டு தம்ளர்களில் எலுமிச்சம்பழச் சாறு வந்தது. நிர்மலாதேவி தொடவில்லை.

"பாவம் அந்தப் பொண்ணு" என்றார் செசில். "ஏழு வருஷமா தூசி தட்ட வந்தவ. இப்படி ஒரு காரியம் பண்ணுவான்னு நினைக்கல. ராத்திரியெல்லாம் உக்காந்து என் கையால செஞ்ச பொருள்ங்க அதெல்லாம்."

"கஷ்டமான வேலைதான். அந்தக் கேக்கு எப்படிப் பண்ணீங்க மதாம்?" என்று கேட்டான் அம்மாவாசை. "அக்கா பொண்ணுக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கணும்."

"களிமண்ணுப்பா. சுட்டு, பெயிண்ட் அடிக்கணும்."

அம்மாவாசை தலையாட்டிக்கொண்டான். பொம்மை வீட்டில் அந்தக் கேக்கின் ஓரத்தை எறும்புகள் தின்றிருந்ததை அவன் பார்த்திருந்தான். பழைய ரொட்டியைப் பசையில் பிசைந்து செய்தது என்று மட்டும் துர்கா சொல்லியிருந்தாள். களிமண்ணை எந்த எறும்பும் தின்னாது.

நிர்மலாதேவி எழுந்து வீட்டின் மாடிப்படியருகே போனார். கீழே, படிக்குப் பக்கத்தில் பெரிய குடில். தொட்டி காலி. மாடிப்படியின் மேல் கோடியில், படிக்கொருவராக, முழங்கை உயர மூன்று ராஜாக்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"அழகா இருக்கு மதாம். ஏன் படியில வெச்சிருக்கீங்க?"

செசிலின் முகம் மலர்ந்தது. "என் அப்பா ஆரம்பிச்ச பழக்கம். தினம் ஒரு படி எறங்குவாங்க. ஆறாம் தேதி சரியா க்ரெஷ்ஷுக்கு, அதான் இந்தக் குடிலுக்கு, வந்து சேருவாங்க. கறுப்பு ராஜா பல்தசார்தான் முன்னாடி. அவருக்குத்தான் வழி தெரியும்பார் அப்பா. புதுச்சேரியில வேற எந்த வீட்லயும் இந்த வழக்கம் இல்ல."

"வேற எந்த வீட்லயும் இல்லையா?"

"நிச்சயமா இல்ல."

நிர்மலாதேவி அம்மாவாசையின் செல்போனை வாங்கி, பொம்மை வீட்டு மாடிப்படியின் படத்தை அவர் முன் நீட்டினார். கறுப்பு ராஜா முன்னால். படிக்கொருவர்.

செசில் படத்தைப் பார்த்தார். தன் மாடிப்படியைப் பார்த்தார். கழுத்துச் சிலுவையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"குழந்தை அலமாரியில பத்திரமா இருக்கு" என்றார் நிர்மலாதேவி. "டிஷ்யூல சுத்தியிருந்தீங்க."

"அது மேல பட்டுடக் கூடாதுன்னுதான்..." செசில் சிலுவையிலிருந்து கையை எடுத்தார். "கொட்டணும்னுதான் போனேன். ஆனா குழந்தை அங்க இருந்துது. அதுக்குள்ள. அப்படியே விட்டுட்டு வர மனசு வரல."

"அதான் மதாம் எனக்குத் தாங்கல." நிர்மலாதேவி குரலை உயர்த்தவில்லை. "அரிசி அளவு பொம்மைமேல ஒரு துளி படக் கூடாதுன்னு பயந்தீங்க. உயிரோட இருக்கிற ஒருத்தி தலைமேல மொத்தத்தையும் கொட்டினீங்க. கடவுள் எதைப் பாத்துக் கண்ணை மூடிக்கிட்டிருப்பார்னு நினைக்கிறீங்க?"

செசில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாம் துண்டு துண்டாக வந்தது. முந்தாநாள் ஹேமலதா போனில் கடைசியாகக் கேட்டது ஒரு கேள்வி: துர்கா செய்கிற சின்னச் சின்னப் பொருள்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரலாமா? துர்கா டீச்சரானால் அவள் கைவேலை ஊருக்குத் தெரிந்துவிடும். ஏழு வருஷமாகக் கோயிலில் கைதட்டு வாங்கியது, பிரான்சிலிருக்கும் தங்கைக்குப் படம் அனுப்பியது, எல்லாம் யார் கைவேலை என்றும் தெரிந்துவிடும். துர்கா பெயர் நாறிப்போனால், அவள் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"எல்லாம் தான் செஞ்சதுன்னு அவ எங்களுக்குச் சொல்லவே இல்ல" என்றான் அம்மாவாசை. சிரிப்பு எதுவும் இல்லாமல் சொன்னான். "இவ்ளோ நடந்தும், ஒரு வார்த்தை வரல. உதவி பண்றேன்னுதான் சொன்னா. சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கியிருந்தீங்களா?"

செசில் தலையசைத்தார். "முதல் வருஷம்."

நிர்மலாதேவி மறுபடியும் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இங்கே மீன் குடல் இல்லை. தரையில் மெழுகு வாசனைதான்.

"புகாரைக் குடுக்கல. ஏதோ தப்பா நடந்துடுச்சுன்னு சொல்லிடறேன்" என்றார் செசில். "அது போதாதா?"

"போதாது. தப்பா நடந்துதுன்னா சந்தேகம் அவமேலயே ஒட்டிக்கிட்டிருக்கும்." நிர்மலாதேவி ஹேமலதாவின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேசைமேல் வைத்தார். "அவங்க கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

போன் மணி அடித்தது. "சொல்லு நிர்மலா" என்றது ஹேமலதாவின் குரல்.

செசில் சுவரிலிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார்.

"நான் செசில் பேசறேன். அந்த வீட்டை அசிங்கம் பண்ணினது நான். துர்கா இல்ல." மூச்சு இழுத்துக்கொண்டார். "அதுல இருக்கிற எதையும் நான் செய்யல. ஒரு வளையம்கூட. ஏழு வருஷமும் எல்லாம் துர்கா செஞ்சது."

மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கிற சின்னச் சத்தம் கேட்டது.

அவர்கள் கூடத்துக்குத் திரும்பியபோது துர்கா மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு பொருளாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை.

"திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொன்னாங்க, டீச்சர்" என்றான் அம்மாவாசை.

அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று மட்டும் கேட்டாள். நிர்மலாதேவி சொன்னார். மறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

துர்கா தன் விரல்களைப் பார்த்தாள். "அவங்க வீட்டு டேபிள்லதான் மேடம் உக்காந்து செய்வேன். ஒரு நாளும் தரையில உக்காரச் சொன்னதில்ல. காப்பி அவங்களே போட்டுக் குடுப்பாங்க." பிறகு, "கேட்டிருந்தா அந்த வேலை வேணாம்னு சொல்லியிருப்பேனே" என்றாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. செசில் இறங்கினார். கதவுவரை வந்தவர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நிலைப்படியைத் தாண்ட முடியாமல் நின்றார். உள்ளே வாருங்கள் என்று நிர்மலாதேவி சொல்லவில்லை. அவருக்குள் இருந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. போக நாளாகும், அதற்கும் பிரார்த்தனை செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

துர்கா எழுந்து போய் ஸ்டீல் நாற்காலி ஒன்றை விரித்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். நான்கு பஞ்சுக் குச்சிகளை எடுத்து மேசையோரமாக வைத்தாள்.

"படுக்கையறை முடிச்சிட்டேன் மதாம்" என்றாள். "சமையலறை உங்களுது."

செசில் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்து மடித்துப் பையில் வைத்தார். பிறகு அந்த நாற்றத்துக்குள் வந்து உட்கார்ந்தார்.